இன்ஃபான்டிஸ் குடலில் தங்குமா? ஜீனோம் முதல் மல மாதிரி வரை ஒரு செய்முறை

புரோபயாட்டிக் பாக்டீரியாவைக் கணினியில் ஆராய வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் போடுவது?" என்றுதான். அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே போகும் பாக்டீரியா அங்கே எதைத் தின்று பிழைக்கும்? ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் குடலில், மற்றவை அவ்வளவாகத் தொடாத உணவு ஒன்று அதற்குக் கிடைத்தால் தங்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் சில நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். இதற்கான விடையில் பாதி ஜீனோமில் (பாக்டீரியாவின் முழு டிஎன்ஏ வரிசையில்) இருக்கிறது, மீதி மல மாதிரியில்.

எடுத்துக்காட்டாக பைஃபிடோபாக்டீரியம் லாங்கம் சிற்றினத்தின் இன்ஃபான்டிஸ் துணைச்சிற்றினத்தை எடுத்துக்கொள்வோம். பழகுவதற்கு இதைவிடத் தெளிவான பாக்டீரியா கிடைப்பது கஷ்டம். முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம் வரை ஒலிகோசாக்கரைடுகள் (இனி எச்எம்ஓ) உள்ளன. குழந்தையின் குடல் நொதிகளால் இவற்றை உடைக்க முடியாது, எனவே பெரும்பகுதி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. இன்ஃபான்டிஸ் இவற்றை முழு மூலக்கூறாகவே செல்லுக்குள் இழுத்து, உள்ளே வைத்து உடைக்கிறது. ஏடிசிசி 15697 என்ற ஸ்ட்ரெயினின் (ஒரே சிற்றினத்துக்குள் தனித்து அறியப்படும் ஒரு வம்சம்) ஜீனோம் 2008-இல் வெளியானபோது, இந்த வேலைக்கான மரபணுக்கள் சுமார் 43 ஆயிரம் கார இணை (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளமுள்ள ஒரே கொத்தில் அடுத்தடுத்து இருப்பது தெரிந்தது. அதை எச்1 கொத்து என்பார்கள்.

முன் ஏற்பாடு

16 ஜிபி ரேம், 200 ஜிபி காலி இடம் உள்ள லினக்ஸ் கணினி போதும். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் நிறுவிக்கொள்ளுங்கள். கருவிகளை பயோகோண்டா (உயிரியல் சாஃப்ட்வேர்களை நிறுவித்தரும் தொகுப்பு) வழியாக நிறுவும்போது ஒவ்வொன்றுக்கும் தனி என்விரான்மென்ட் வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால், ஒன்றுக்கு வேண்டிய பைத்தான் பதிப்பு இன்னொன்றுக்கு ஒத்துவராமல் முதல் வாரம் முழுக்க அதிலேயே போகும். ஜீனோமில் மரபணுக்களை அடையாளம் காட்டும் பக்டா கருவியின் முழுத் தரவுத்தளம் பல பத்து ஜிபி இடம் கேட்கும், ஆரம்பத்துக்கு அதன் லைட் பதிப்பே போதுமானது.

ஜீனோம்களைச் சேமித்துவைக்கும் என்சிபிஐ தளத்திலிருந்து ஒப்பீட்டு ஜீனோம்களை இறக்குங்கள். இன்ஃபான்டிஸ் ஏடிசிசி 15697 (எண் சிபி001095, 28.3 லட்சம் கார இணை), லாங்கம் துணைச்சிற்றினத்தின் என்சிசி2705 (சுமார் 22.6 லட்சம்) இரண்டும் கட்டாயம். பைஃபிடோபாக்டீரியத்தின் வேறு சிற்றினங்களான பிரெவே (யுசிசி2003), பிஃபிடம் (பிஆர்எல்2010) ஆகியவை பின்னால் மல மாதிரிக்குத் தேவைப்படும்.

பெயரை நம்பி ஜீனோம் இறக்காதீர்கள். 157எஃப் என்ற ஸ்ட்ரெயின் தரவுத்தளத்தில் இன்ஃபான்டிஸ் என்ற பெயரில்தான் இருக்கிறது. ஜீனோமைப் பார்த்தால் லாங்கம் பக்கம் சேர்கிறது, எச்1 கொத்து அதில் இல்லை. 35624 என்ற ஸ்ட்ரெயினும் பல காலம் இன்ஃபான்டிஸ் என்றே அழைக்கப்பட்டு, ஜீனோம் வந்த பிறகு லாங்கம் என மாற்றப்பட்டது. இவற்றை இன்ஃபான்டிஸின் மாதிரியாக வைத்து ஒப்பிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாமே தப்பாகும்.

உங்கள் ஸ்ட்ரெயினின் ஜீனோம்

கேப்சூல் பொடியிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுக்காதீர்கள். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ட்ரெயின்கள் இருக்கலாம். 0.05 சதவீதம் சிஸ்டீன் சேர்த்த எம்ஆர்எஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில், 37 டிகிரியில், ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்து, ஒற்றைக் காலனியைத் தேர்ந்து, மறுபடி ஒருமுறை கோடிழுத்து வளர்த்து, அதிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். பைஃபிடோபாக்டீரியாவின் செல்சுவர் தடிமனானது. கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைக்கும் படியை விட்டுவிட்டால் டிஎன்ஏ போதுமான அளவு வராது.

எவ்வளவு சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது) வேண்டும்? 28.3 லட்சத்தை 100 மடங்கு கவரேஜில் (ஒவ்வொரு காரமும் சராசரியாக 100 முறை படிக்கப்படும்படி) பெற 28.3 கோடி காரங்கள் தேவை. 150 நீளமுள்ள இரட்டை ரீடுகளில் (படிக்கப்பட்ட டிஎன்ஏ துண்டுகளில்) ஒரு ஜோடிக்கு 300 காரம், ஆக சுமார் 9.5 லட்சம் ஜோடி. கம்பெனிகள் இதைப்போல் பல மடங்கு தருவதுண்டு. அத்தனையையும் அசெம்பிளிக்கு (ரீடுகளை ஒட்டி ஜீனோமாக்கும் வேலைக்கு) கொடுப்பதால் லாபம் இல்லை. ஒரே பிழை பலமுறை திரும்பத் திரும்ப வந்து உண்மையான வேறுபாடுபோல வேடம் போடும். 100 மடங்குக்குக் குறைத்துக்கொண்டு, ஃபாஸ்ட்பியில் சுத்தம் செய்து, ஸ்பேட்ஸ் என்ற அசெம்பிளரை ஐசோலேட் முறையில் ஓட்டுங்கள்.

வந்த அசெம்பிளியில் நான்கு எண்களைப் பாருங்கள். மொத்த நீளம் ஏறத்தாழ 25 முதல் 29 லட்சம், ஜிசி விகிதம் (ஜி, சி காரங்களின் பங்கு) 60 சதவீதத்தை ஒட்டி, செக்எம்2 கருவி சொல்லும் முழுமை 98-க்கு மேல், மாசு 2-க்குக் கீழ். நீளம் 50 லட்சத்தைத் தொட்டால் காலனி ஒற்றை அல்ல. மறுபடி தட்டுக்குப் போகவேண்டியதுதான், சாஃப்ட்வேரில் இதற்கு மருந்து இல்லை.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் எச்1 கொத்து துண்டு துண்டாக வரலாம். அந்தக் கொத்தில் சர்க்கரையைப் பிடித்துக்கொடுக்கும் புரதங்களின் மரபணுக்கள் ஒன்றைப்போல் ஒன்றாகப் பல இருக்கின்றன. பக்கத்தில் இடம்பெயரும் மரபணுத் துண்டுகளும் உண்டு. குட்டை ரீடுகளை வைத்து அசெம்பிளர் இவற்றைப் பிரித்தறியத் திணறி, ஒன்றாக மடித்துவிடும் அல்லது அங்கேயே கான்டிக்கை (தொடர்ச்சியாக ஒட்டிய துண்டை) முடித்துவிடும். "மரபணு இல்லை" என்று எழுதும் முன், அசெம்பிளியை ஒதுக்கிவைத்துவிட்டு மூல ரீடுகளை நேராக ஏடிசிசி 15697-இன் மேல் பௌடை2 கொண்டு பொருத்தி, அந்த 43 ஆயிரம் காரப் பகுதியின் கவரேஜைப் பாருங்கள். மற்ற இடங்களில் 100 மடங்கும் இங்கே பூஜ்யமும் என்றால் உண்மையாகவே இல்லை. இங்கேயும் 100 என்றால் அசெம்பிளியின் குறை. கையில் பணம் இருந்தால் நானோபோர் நீள ரீடுகளை 50 மடங்குக்கு மேல் எடுத்து ஃபிளை என்ற அசெம்பிளரில் ஓட்டுவது இந்தத் தலைவலியைத் தீர்க்கும்.

யார் என்று உறுதிசெய்தல்

பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் 16எஸ் மரபணுவால் இன்ஃபான்டிஸையும் லாங்கத்தையும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. இரண்டும் அவ்வளவு ஒன்றுபோல் இருக்கும். இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமையைச் சொல்லும் ஃபாஸ்ட்ஏஎன்ஐ ஓட்டுகிறவர்கள் "95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரே சிற்றினம்" என்ற விதியைக் கையாளுவார்கள். இங்கே அதுவும் உதவாது, ஏனென்றால் இந்த இரண்டு துணைச்சிற்றினங்களுக்கும் இடையிலான ஒற்றுமையே 95-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே இரண்டு ஜீனோம்களோடும் தனித்தனியாக ஒப்பிட்டு, எதோடு தெளிவாகக் கூடுதலாக வருகிறது என்று பாருங்கள்.

பிறகு பக்டாவில் அனொட்டேஷன் (எது எந்த மரபணு என்று குறிப்பது). அது தரும் புரதக் கோப்பை ஏடிசிசி 15697-இன் கீழ்க்கண்ட புரதங்களோடு பிளாஸ்டில் ஒப்பிடுங்கள். அந்த ஜீனோமில் மரபணுக்களுக்குப் பெயர் 'பிளான்' என்று தொடங்கும். ஜிஎச் என்பது சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதிக் குடும்பங்களின் குறியீடு.

- பிளான் 2334: கேலக்டோஸை வெட்டும் ஜிஎச்2 நொதி
- பிளான் 2335, 2336: ஃபியூகோஸை வெட்டுபவை, முன்னது ஜிஎச்95, பின்னது ஜிஎச்29
- பிளான் 2348: சயாலிக் அமிலத்தை வெட்டும் ஜிஎச்33
- பிளான் 2355: என்-அசிட்டைல்குளுக்கோசமீனை வெட்டும் ஜிஎச்20
- பிளான் 2016: கொத்துக்கு வெளியே இருப்பது, லாக்டோ-என்-டெட்ரோஸின் முனை கேலக்டோஸை வெட்டும் ஜிஎச்42

ஒற்றுமை 90 சதவீதத்துக்கு மேல், நீளப் பொருத்தம் 80-க்கு மேல் என்றால் எடுத்துக்கொள்ளலாம். 35 சதவீத ஒற்றுமையைக் காட்டி "ஃபியூகோசிடேஸ் இருக்கிறது" என்று எழுதுவது இத்துறையில் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்தக் குடும்பத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. சர்க்கரை நொதிகளைத் தேடித்தரும் டிபிகேனில் ஓட்டினால் அது மூன்று முறைகளில் தேடும். இரண்டிலாவது அகப்பட்டதை மட்டும் நம்புங்கள். நொதிகள் எல்லாம் இருந்து, இழுத்துக்கொடுக்கும் கடத்திப் புரதங்கள் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. எச்1 கொத்தின் கடத்திகளையும் பட்டியலில் சேருங்கள்.

அதோடு, சிக்னல் பெப்டைடைத் (புரதத்தை செல்லுக்கு வெளியே அனுப்பும் முனைக் குறியை) தேடும் சிக்னல்பி ஓட்டிவிடுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், ஆனால் குடலில் அக்கம்பக்கத்தோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இது நல்ல தடயம். இன்ஃபான்டிஸின் எச்1 நொதிகளில் சிக்னல் பெப்டைடு இருக்காது, வேலை செல்லுக்குள் நடக்கிறது. பிஃபிடம் சிற்றினத்தின் நொதிகளில் பல, சிக்னல் பெப்டைடோடு செல்லுக்கு வெளியே வந்து சுவரில் ஒட்டிக்கொண்டு வெட்டுகின்றன. அதனால் சிதறும் சர்க்கரை மற்ற பைஃபிடோபாக்டீரியாவுக்கும் கிடைக்கும். முன்னது தனக்குத் தானே உண்கிறது, பின்னது பந்தி வைக்கிறது. இரண்டையும் ஒரே "எச்எம்ஓ உண்ணி" என்ற தலைப்பில் போட்டால் குடியேற்றத்தைப் பற்றிய கணிப்பு தவறிப்போகும்.

வளர்சிதை மாற்ற மாடல்: இங்கேதான் நேரம் போகும்

புரதக் கோப்பைக் கொடுத்தால் கார்வ்மீ சில நிமிடங்களில் மாடல் (செல்லின் வேதிவினைகளின் கணக்குத் தொகுப்பு) ஒன்றைத் தந்துவிடும். இன்னொரு கருவியான கேப்செக் சில மணி நேரம் எடுக்கும், ஆனால் நொதித்தல் பாதைகளில் அது கூடுதல் கவனம் செலுத்துகிறது. எதை எடுத்தாலும், வந்த மாடலை அப்படியே நம்பி வரைபடம் போடாதீர்கள்.

முதல் கண்ணி, இடைவெளி நிரப்புதல் (மாடலில் விடுபட்ட வினைகளைக் கருவியே சேர்ப்பது). கார்வ்மீயின் எடுத்துக்காட்டுகளில் எம்9 ஊடகம் (உப்பும் சர்க்கரையும் மட்டும் கொண்டது) இருப்பதால் புதியவர்கள் அதையே போடுவார்கள். இன்ஃபான்டிஸுக்கு அமினோ அமிலம், வைட்டமின் எல்லாம் நிறைந்த ஊடகம் வேண்டும். எம்9-இல் வளர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், ஜீனோமில் இல்லாத தயாரிப்புப் பாதைகளைக் கருவி தானாகவே சேர்த்துவிடும். பிறகு "இது எல்லா வைட்டமினையும் தானே தயாரிக்கிறது" என்ற அபத்தமான முடிவு வரும். சிஸ்டீன் உள்ள, ஆக்சிஜன் இல்லாத, செறிவான ஊடகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். பாக்டீரியா வகையையும் கிராம் பாசிட்டிவ் என்று குறிப்பிடுங்கள்.

அடுத்து கோப்ராபை என்ற பைத்தான் தொகுப்பில் மாடலைத் திறந்து, வெளியிலிருந்து வரும் எல்லா உணவையும் அடைத்துவிட்டு, ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு வினையை உச்சப்படுத்துங்கள். விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றும் தின்னாமல் ஏடிபி தயாரித்தால், ஏதோ ஒரு வினையின் திசை தவறாகிச் சுழற்சி ஒன்று உருவாகியிருக்கிறது. பெரும்பாலும் புரோட்டானைக் கடத்தும் வினைகளில் அகப்படும்.

இனி குளுக்கோஸை மட்டும், ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல் என்று திறந்துவிடுங்கள். ஆக்சிஜன் பூஜ்யம். பைஃபிடோபாக்டீரியா வழக்கமான கிளைக்கோலிசிஸுக்குப் பதிலாக, பாஸ்போகீட்டோலேஸ் நொதியை நடுவில் வைத்த தனிப்பாதையில் சர்க்கரையை நொதிக்கின்றன. பைஃபிட் ஷன்ட் என்பார்கள். கணக்கு இது: 2 குளுக்கோஸுக்கு 3 அசிட்டேட், 2 லாக்டேட், 5 ஏடிபி. அதாவது ஒரு குளுக்கோஸுக்கு 2.5 ஏடிபி.

மாடல் தருவதோ 3 என்று இருக்கும், லாக்டேட்டும் வராது. பதற வேண்டாம். ஏடிபியை உச்சப்படுத்து என்றால் மாடல் பைருவேட்டை ஃபார்மேட், எத்தனால், இன்னொரு அசிட்டேட் என்று பிரித்து கூடுதல் ஏடிபி பெறும். அப்போது ஒரு குளுக்கோஸுக்கு 2 அசிட்டேட், அரை எத்தனால், 1 ஃபார்மேட். உண்மையான செல்லும் சர்க்கரை குறைந்து மெதுவாக வளரும்போது இந்தப் பக்கம் சாயும்.

சிக்கல் என்னவென்றால், தவறுதலாக முழு கிளைக்கோலிசிஸ் பாதை மாடலுக்குள் வந்திருந்தாலும் ஏடிபி அதே 3 தான் வரும். 1 அசிட்டேட், 1 எத்தனால், 2 ஃபார்மேட் என்று விளைபொருள் மட்டும் மாறும். எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். வழி சுலபமானது: பைருவேட்டிலிருந்து ஃபார்மேட் தரும் வினையை அடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 2.5 வந்தால் பைஃபிட் ஷன்ட் வேலை செய்கிறது. 2 வந்தால் மாடல் வெறும் கிளைக்கோலிசிஸில் ஓடுகிறது, பாஸ்போகீட்டோலேஸ் வினை இல்லை அல்லது திசை தவறு. 3-க்கு மேல் வந்தால் ஏடிபி சிந்தேஸ், அமிலத்தோடு புரோட்டானை வெளியேற்றும் கடத்திகள் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு பாதைகளும் சேர்ந்தே இருந்தாலும் 2.5 வரும் என்பதால், பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் வினைக்குப் பின்னால் உண்மையான மரபணு இருக்கிறதா, இடைவெளி நிரப்ப வந்ததா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகுதான் எச்எம்ஓ. கார்வ்மீ பயன்படுத்தும் வினைத் தொகுப்பில் இவை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையால் சேர்க்க வேண்டிவரும். லாக்டோ-என்-டெட்ரோஸ் ஒரு மூலக்கூறு உள்ளே வந்து, 3 நீர் சேர்ந்து உடைந்தால் 2 கேலக்டோஸ், 1 குளுக்கோஸ், 1 என்-அசிட்டைல்குளுக்கோசமீன். உள்ளே இழுக்கும் கடத்தி ஏபிசி வகை, ஏடிபி செலவாகும். அதைச் சேர்க்க மறந்தால் வளர்ச்சி கூடுதலாகக் காட்டும். 2'-ஃபியூகோசில்லாக்டோஸ் உடைந்தால் ஃபியூகோஸும் லாக்டோஸும். ஃபியூகோஸிலிருந்து 1,2-புரொப்பேன்டையால் வெளியே வர வழி வேண்டும், இல்லாவிட்டால் மாடல் அந்தச் சர்க்கரையில் முடங்கும். ஊடகத்தில் லாக்டோஸை எக்கச்சக்கமாகக் கொட்டாதீர்கள். தாய்ப்பாலில் அது அதிகம்தான், ஆனால் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

மாடலின் கணிப்பைச் சோதனைக்கூடத்தில் ஒருமுறை சரிபாருங்கள். குளுக்கோஸ் இல்லாத எம்ஆர்எஸ்-இல் 2 சதவீதம் அந்தச் சர்க்கரையைச் சேர்த்து வளர்த்து, என்சிசி2705-ஐ எதிர்மறைக் கட்டுப்பாடாக வைத்தால் போதும்.

ஒட்டுவதற்கான மரபணுக்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். டாட் வகை மயிரிழைகள், சார்டேஸ் சார்ந்த மயிரிழைகள், பித்த உப்பை உடைக்கும் நொதி, வெளிப்புறப் பாலிசாக்கரைடு கொத்து ஆகியவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிரெவே யுசிசி2003-இல் டாட் மரபணுக்கள் இல்லாவிட்டால் எலிக்குடலில் நிற்க முடிவதில்லை என்பது 2011-இல் காட்டப்பட்டது. எனவே இவை முக்கியம்தான். ஆனால் பித்த உப்பு நொதி குடல் பாக்டீரியாவில் பரவலாக இருப்பது. அது இருக்கிறது என்பதை மட்டும் வைத்து "குடியேறும் திறன் கொண்டது" என்று எழுதுவது விளம்பர மொழி. நோய் எதிர்ப்பு மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களையும், குறிப்பாக டெட்-டபிள்யூ இருந்தால் அதன் இருபுறமும் இடம்பெயரும் துண்டுகள் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மல மாதிரியில் தேடுதல்

மாதிரி எடுக்கும் திட்டம்தான் பாதி வெற்றி. கொடுப்பதற்கு முன் ஒன்று, கொடுக்கும்போது ஒன்று, நிறுத்திச் சில வாரம் கழித்து ஒன்று. கடைசி மாதிரி இல்லாமல் குடியேற்றம் என்ற சொல்லையே பயன்படுத்த முடியாது. தினமும் கோடிக்கணக்கில் விழுங்கினால் மலத்தில் வரத்தான் செய்யும். முதல் மாதிரியும் அதே அளவு அவசியம், வீட்டிலிருந்தே வந்த இன்ஃபான்டிஸ் ஏற்கெனவே அங்கே இருக்கலாம்.

16எஸ் சீக்வென்சிங் இந்த வேலைக்கு ஆகாது. துணைச்சிற்றினம் பிரியாது என்பதோடு, பரவலாகப் பயன்படும் 27எஃப் பிரைமர் பைஃபிடோபாக்டீரியாவோடு சரியாகப் பொருந்துவதும் இல்லை. ஷாட்கன் (மாதிரியிலுள்ள எல்லா டிஎன்ஏவையும் படிப்பது) எடுங்கள். ஆழத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள்: 1 கோடி ஜோடி ரீடு என்றால் 300 கோடி காரம். உங்கள் ஸ்ட்ரெயின் மொத்தத்தில் 0.1 சதவீதம் என்றால் அதன் பங்கு 30 லட்சம், அதாவது ஒரு மடங்கு கவரேஜ். ஸ்ட்ரெயின் அளவில் ஒப்பிட இன்ஸ்ட்ரெயின் கருவிக்கு ஒரு இடத்தில் குறைந்தது 5 மடங்கு வேண்டும். ஆக 0.5 சதவீதத்துக்குக் கீழே இந்த ஆழத்தில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே பிளான் 2348 மரபணுவைக் குறிவைக்கும் க்யூபிசிஆர் (மரபணுவின் பிரதிகளை எண்ணும் சோதனை) தான் கைகொடுக்கும், மொத்த எண்ணிக்கையும் அதிலிருந்தே கிடைக்கும்.

மனித ரீடுகளை நீக்கிவிட்டு, மீதியை நான்கு ஜீனோம்களும் சேர்ந்த ஒரே தொகுப்பின் மேல் பொருத்துங்கள். இன்ஃபான்டிஸை மட்டும் கொடுத்தால், லாங்கத்தின் ரீடுகளும் வேறு போக்கிடமில்லாமல் அதன்மேலேயே வந்து உட்காரும். பிறகு கவரேஜையும் பரப்பையும் (ஜீனோமில் ஒரு ரீடாவது விழுந்த பகுதி) சேர்த்துப் பாருங்கள். ஜீனோம் உண்மையாகவே இருந்தால் ஒரு மடங்கு கவரேஜில் சுமார் 59 சதவீதம் பரப்பு மூடப்பட்டிருக்க வேண்டும். 2 மடங்கில் 83, 5 மடங்கில் 98-க்கு மேல். ஒரு மடங்கு கவரேஜ், ஆனால் பரப்பு 15 சதவீதம் என்றால், உறவுக்கார பாக்டீரியாவின் ரீடுகள் பொதுவான சில மரபணுக்களில் குவிந்திருக்கின்றன. உங்கள் ஸ்ட்ரெயின் அங்கே இல்லை.

இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கொடுத்ததும் இருப்பதும் ஒன்றா? இன்ஸ்ட்ரெயினில் பாப்ஏஎன்ஐ (இரண்டு மாதிரிகளிலுள்ள ஸ்ட்ரெயின்களின் ஒற்றுமை) 99.999 சதவீதம் அல்லது அதற்குமேல் இருந்தால் ஒரே ஸ்ட்ரெயின் என்று கொள்வது வழக்கம். 28.3 லட்சத்தில் அது சுமார் 28 காரங்கள் மட்டும் வேறுபடுவது. ஒப்பிடப்பட்ட பகுதி ஜீனோமில் பாதியாவது இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் அந்தச் சதவீதத்தை எழுதாதீர்கள்.

பொய்யாக "இருக்கிறது" என்று காட்டக்கூடிய இன்னொன்று: கேப்சூலின் டிஎன்ஏவையும் மல மாதிரிகளையும் ஒரே ஓட்டத்தில் சீக்வென்ஸ் செய்வது. இண்டெக்ஸ் ஹாப்பிங் (மாதிரியின் அடையாளக் குறி மாறிப்போவது) காரணமாக கேப்சூல் ரீடுகளில் கொஞ்சம் மற்ற மாதிரிகளுக்குள் கசியும். தனி ஓட்டத்தில் அனுப்புங்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனையிலும் தனித்த இண்டெக்ஸ் கேளுங்கள், வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

முடிவைப் படிப்பது

2016-இல் வெளியான ஒரு ஆய்வில் லாங்கம் ஏஎச்1206 ஸ்ட்ரெயின், பெரியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம் ஆறு மாதமாவது தங்கியது. தங்கியவர்களின் குடலில் முன்பே லாங்கம் குறைவாக இருந்தது, சில மாவுப்பொருள்களை உடைக்கும் மரபணுக்களும் குறைவாக இருந்தன. காலி இடமும் தொடப்படாத உணவும் இருந்த குடலில்தான் தங்கியது என்று இதைப் படிக்கலாம். ஆகவே முதல் மாதிரியிலேயே எச்1 மரபணுக்களும், அதே நொதிக் குடும்பங்களும் ஏற்கெனவே எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணி, பின்னால் தங்கியதா இல்லையா என்பதோடு ஒப்பிடுங்கள். மலத்தில் இருப்பது குடற்சுவரில் இருப்பதை அப்படியே காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2018-இல் எண்டோஸ்கோப்பி மாதிரிகளோடு ஒப்பிட்டவர்கள் இதைக் காட்டினார்கள்.

குழந்தைகளின் மாதிரி என்றால், ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் அன்றைய உணவை எழுதி வாங்குங்கள்: தாய்ப்பால் மட்டுமா, புட்டிப்பாலும் சேர்ந்ததா, திட உணவு தொடங்கியாயிற்றா, புட்டிப்பால் என்றால் அதில் 2'-ஃபியூகோசில்லாக்டோஸ் சேர்த்திருக்கிறதா. 2017-இல் வெளியான ஆய்வில் இவிசி001 என்ற இன்ஃபான்டிஸ், கொடுப்பதை நிறுத்திய பின்னும் ஒரு மாதம் நின்றது தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம். உணவுக் குறிப்பு இல்லாத தரவில் ஸ்ட்ரெயின் காணாமல் போனால், அது ஒட்டத் தெரியாமல் போனதா, சோறு நின்றதால் போனதா என்று எந்த மாடலாலும் சொல்ல முடியாது.